கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமா, கிளாம்பாக்கத்துக்கு அந்தப் பக்கமா?

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. மாவட்டத் தலைநகராகி முப்பது வருடம் ஓடிய பிறகும் கிடையாது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் அரியலூருக்கோ 1920களின் இறுதியிலேயே ரயில் வந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு இறங்கும் அந்தத் தடத்தை இன்றைக்கும் ‘கார்டு லைன்’ என்றுதான் சொல்கிறார்கள். பெரம்பலூர்க்காரருக்கு வாய்த்தது சென்னை – திருச்சி நான்குவழிச் சாலை. பெருநகரத்தின் ஓரத்தில் ஒரு வீடு வாங்கலாம் என்று இந்த இரண்டு ஊர்க்காரர்களும் கிளம்பினால், ஒருவர் தார்ச்சாலையைப் பிடித்துக்கொண்டு போகிறார், மற்றவர் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார். கையில் இருக்கும் பணம் இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வாங்கும் இடமும், வாங்கிய பிறகு படும் பாடும்தான் வேறு.

வாங்குகிறவர்கள் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மிகச் சிறிய மாவட்டம் பெரம்பலூர். மொத்தமே 5,65,223 பேர். அரியலூரில் 7,54,894 பேர், அவர்களில் நகர்ப்புறத்தில் வசித்தவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர்தான். 1995 நவம்பர் வரை இரண்டுமே திருச்சி மாவட்டம். அரியலூரை 2001இல் தனியாகப் பிரித்தார்கள், அடுத்த ஆண்டே மறுபடி சேர்த்தார்கள், 2007 நவம்பரில் மீண்டும் பிரித்தார்கள். அரசாணைகள் இப்படி முன்னும் பின்னும் போய்வந்தாலும் மக்களின் கால் போகும் திசை மாறவில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் திருச்சி, நகை எடுக்கத் திருச்சி, பிள்ளையைப் பெரிய பள்ளியில் சேர்க்கத் திருச்சி. சம்பளத்துக்கு மட்டும் சென்னை, அல்லது அதற்கும் அப்பால் துபாய், சிங்கப்பூர்.

ஆகவே இங்கே புறநகர் மனைக்குப் போகும் பணம் பெரும்பாலும் மூன்று வழியில் வருகிறது. வெளிநாட்டில் பத்து வருடம் உழைத்தவர் அனுப்பியது ஒன்று. ஆசிரியர், மின்வாரிய ஊழியர், சிமெண்ட் ஆலைத் தொழிலாளி என்று மாதச் சம்பளக்காரரின் வங்கிக் கடன் இன்னொன்று. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் நல்ல விலைக்குப் போன ஒரு வருடத்தில் விவசாயி ஒதுக்கி வைத்தது மூன்றாவது. மூவருமே தினசரி அந்த மனையில் போய் நிற்க முடியாதவர்கள். வாங்கிப் போட்டுவிட்டு ஊரில் இருப்பவர்கள். ‘பிளாட் போடுகிறவர்களுக்கு’ இது நன்றாகத் தெரியும்.

பெரம்பலூரிலிருந்து தெற்கே போகும் சாலையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாடாலூர் தாண்டி, சிறுகனூர் தாண்டி, சமயபுரம் வரைக்கும் இரண்டு பக்கமும் வண்ணக் கொடிகளும், அலங்கார வளைவுகளும், வெள்ளையடித்த எல்லைக் கற்களும். வளைவுக்கு உள்ளே ஒரு வீடு, இரண்டு வீடு. பல இடங்களில் அதுவும் இல்லை. இங்கே விற்கப்படுவது ‘திருச்சிக்குப் பக்கத்தில்’ என்ற சொல். எவ்வளவு பக்கம்? வாங்குகிறவர் சதுர அடி விலையைக் கேட்டு முடித்துவிடுகிறார். இந்தக் கட்டுரைக்குச் சொல்ல ஒன்று உண்டென்றால் அது இதுதான்: சதுர அடி விலை மலிவாக இருப்பதால் ஒரு புறநகர் மலிவாகிவிடாது, அங்கிருந்து தினமும் வெளியே போய் வீடு திரும்ப ஆகும் செலவையும் சேர்த்தால்தான் கணக்கு முழுமையாகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நகரத்தை ஒட்டிய மனைக்கும் இருபது கிலோமீட்டர் தள்ளிய மனைக்கும் சதுர அடிக்கு 300 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி வாங்கினால் மிச்சம் 3,60,000 ரூபாய். 8.5 சதவீத வட்டியில் 20 வருடக் கடனாகப் பார்த்தால், இந்த மிச்சம் மாதத் தவணையில் ஏறத்தாழ 3,100 ரூபாயைக் குறைக்கும். கூடுதல் இருபது கிலோமீட்டரைப் போகவர மாதம் 25 நாள் கடந்தால் ஆயிரம் கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பைக்குக்கு 22 லிட்டருக்கு மேல் பெட்ரோல், லிட்டர் நூறு ரூபாய் என்றால் 2,200 ரூபாய். வீட்டில் இரண்டு பேர் இரண்டு பைக்கில் போனால் மிச்சம் போய்க் கைக்காசு கரையத் தொடங்கும். டயர், செயின், வண்டிச் சேவை, உடம்பு வலி எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பேருந்து இந்தக் கணக்கை இன்னும் சுவாரசியமாக மாற்றுகிறது. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புறநகர்ப் பேருந்தில் அந்தச் சலுகை கிடையாது. ஆகவே திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ் எந்த ஊர் வரை, எத்தனை மணி வரை போகிறது என்பது, துணிக்கடையிலும் தனியார் பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்க்கும் பெண்ணுள்ள குடும்பத்துக்கு நேரடியான பண விஷயம். மனை விற்பவரின் வண்ணத் தாளில் கோயில், கல்லூரி, விமான நிலையம் எல்லாவற்றுக்கும் எத்தனை நிமிடம் என்று அச்சிட்டிருக்கும். கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று அச்சிட்டிருப்பது அபூர்வம்.

கார் வைத்திருப்பவருக்குச் சமயபுரம் சுங்கச்சாவடி வேறு குறுக்கே நிற்கிறது. அதற்கு வடக்கே குடியேறி நகரத்தில் வேலை பார்ப்பவர் தினம் இரண்டு தடவை கடக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டுச் சீட்டு, தொடக்க விலையான 3,000 ரூபாய்க்கு 200 கடவு தந்தது. தினசரி போய்வருகிறவருக்கு அது நூறு நாளில் தீர்ந்துவிடும். சாவடியை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு உள்ளூர் மாதச் சீட்டு உண்டு, ஆனால் அதற்கும் 20 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. மனை அந்த எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று விசாரித்துவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

இதைவிடப் பெரிய விஷயம் ஆறு. திருச்சியின் வடக்குப் புறநகர் முழுவதும் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம். நகரத்துக்குள் போக முதலில் கொள்ளிடம், பிறகு காவிரி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன; கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் அதே மாதம் சரிந்தன. பழைய பாலத்தில் போக்குவரத்து ஏற்கெனவே நின்றிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. 2022 இறுதியில் நகரின் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க மூடினார்கள். திறக்கச் சில மாதங்கள் ஆயின. 2024 ஜனவரியில் புறவழிச்சாலையின் ஜி கார்னர் மேம்பாலத் தடுப்புச்சுவர் சேதமாகி வண்டிகளைத் திருப்பிவிட்டார்கள். சமயபுரத்தில் குடியிருந்துகொண்டு திருவெறும்பூர் பெல் ஆலைக்கோ துவாக்குடிக்கோ போகிறவருக்கு இந்தக் கடைசி இரண்டும் மாதக்கணக்கில் நீண்ட தலைவலி. சித்திரைத் தேருக்கும் தைப்பூசத்துக்கும் சமயபுரம் சாலை எப்படி இருக்கும் என்பதைப் பக்தர்களிடம் கேட்டால் போதும்.

இங்கேதான் அரியலூர்க்காரர் முந்துகிறார். அரியலூரிலிருந்து ரயிலில் திருச்சிக்கு சுமார் 70 கிலோமீட்டர். கல்லக்குடி பழங்காநத்தம், புள்ளம்பாடி, லால்குடி, வாளாடி, பிச்சாண்டார்கோவில், ஸ்ரீரங்கம் என்று தடம் நகருக்குள் போகிறது. ரயில் பாலத்தில் நெரிசல் இல்லை. சென்னையைப் போலப் பத்து நிமிடத்துக்கு ஒரு மின்சார ரயில் இந்தத் தடத்தில் ஓடுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. பயணிகள் ரயில்கள் சிலதான், நேரம் தவறினால் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் லால்குடிக்கு ரயிலும் உண்டு, சத்திரத்திலிருந்து நிறையப் பேருந்தும் உண்டு. ஒன்று நின்றால் மற்றொன்று. லால்குடி 2021இல் நகராட்சியானது. தாலுகா அலுவலகம், நீதிமன்றம், அரசு மருத்துவமனை, சந்தை எல்லாம் அந்த ஊருக்கென்றே நெடுங்காலமாக இருப்பவை, மனைப்பிரிவை நம்பி வந்தவை இல்லை. வடக்குப் புறநகரில் ஒரு ஊரை மட்டும் சொல்லச் சொன்னால் லால்குடியைச் சொல்லலாம். சாலையோர வளைவுகளுக்குள் இருக்கும் மனையைவிடச் சதுர அடிக்குக் கூடக் கேட்பார்கள். கேட்கட்டும்.

லால்குடியிலும் ஒரு சிக்கல் உண்டு. அது அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாயும் நஞ்சை பூமி. வயலை மனையாக்க நில வகை மாற்ற அனுமதி வேண்டும். 2017இல் இதற்கென்று தனி விதிகள் வந்தன. அனுமதி வாங்கிய மனையாக இருந்தாலும் வயல் வயல்தான். சுற்றியுள்ள நிலத்துக்குத் தண்ணீர் விடும் நாளில் அஸ்திவாரத்துக்கு அடியில் ஈரம் ஏறும். வாய்க்கால் கரையை மனைக்குப் பாதையாகக் காட்டி விற்பவர்களும் இருக்கிறார்கள். கரை நீர்வளத் துறையுடையது, பாதை என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

மேற்கே, பாடாலூர் – ஆலத்தூர் பக்கத்தில் பிரச்சினை நேர்மாறானது. பெரம்பலூர் மாவட்டத்தில் கரிசல் மண் பரவலாக உண்டு. பருத்தி விளைவதே அதனால்தான். கோடையில் வெடித்து, மழையில் ஊதும் மண் அது. அதன்மேல் மூன்றடி தோண்டிக் கல்லடுக்கிக் கட்டிய வீட்டின் சுவர் இரண்டாவது மழைக்காலத்தில் மூலைக்கு மூலை கோடு விடும். மண் சுருங்கி விரியும் ஆழத்தைத் தாண்டி அஸ்திவாரம் இறங்க வேண்டும், அல்லது அடியில் குமிழ் போல விரித்த ‘அண்டர் ரீம்டு பைல்’ போட வேண்டும். இரண்டுக்கும் செலவு கூடும். சதுர அடி விலையில் மிச்சம் பிடித்தது பெரும்பாலும் இப்படித் தரைக்கு அடியில் போய்விடுகிறது. பக்கத்துச் செம்மண் காட்டில் கட்டுகிறவருக்கு இந்தச் செலவு இல்லை. மனை பார்க்கப் போகிறவர் பக்கத்தில் கட்டி மூன்று வருடமான வீட்டின் சுவரைப் பார்ப்பது, வாஸ்து பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம். தண்ணீரும் அப்படித்தான். பக்கத்துத் தோட்டத்து ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, சித்திரையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கேட்டால் விவசாயி உண்மையைச் சொல்லிவிடுவார். புரோக்கர் சொல்வதை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அரியலூர்ப் பக்கம் இதே கேள்வி சுண்ணாம்புக்கல்லாக வருகிறது. ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் என்று மாவட்டம் முழுக்கச் சிமெண்ட் ஆலைகளும் சுரங்கங்களும். லாரிப் பாதையில் உள்ள மனை மலிவாகக் கிடைக்கும். துவைத்த துணி மாலையில் வெளுப்பாகவே இருக்கும், ஆனால் அது சோப்பின் வேலையாக இருக்காது. சிமெண்ட் விளையும் ஊரில் மூட்டை மலிவு என்று நினைப்பவர்களுக்கும் ஏமாற்றம்தான். 2025 செப்டம்பர் 22இல் சிமெண்ட் மீதான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது அரியலூருக்கும் சென்னைக்கும் ஒரே மாதிரியான நன்மை.

திருச்சியின் தெற்குப் புறம் இப்போது வேகமாக எழுகிறது. பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு ஜூலையில் பயன்பாட்டுக்கு வந்தது. பக்கத்திலேயே டைடல் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். 2024 ஜனவரியில் விமான நிலையத்தின் புதிய முனையம் திறந்தது. கிழக்கே நவல்பட்டில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பும் எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் முன்பே உண்டு. திருச்சியில் வேலை இருப்பவருக்கு இந்தத் திசை சரி. ஆனால் வாரா வாரம் அம்மா அப்பாவைப் பார்க்க பெரம்பலூர் வருகிறவர் இரண்டு ஆற்றையும் தாண்டித்தான் வர வேண்டும். இன்னொன்று: பஞ்சப்பூர் ஓரமாக ஓடுவது கோரையாறு. 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகி நகரின் மேற்கும் தென்மேற்கும் வெள்ளத்தில் நின்றன. இருபது வருடம் ஆனதால் பலருக்கு மறந்துவிட்டது. கருமண்டபம், வயலூர் சாலைப் பக்கத்துப் பழைய குடிகளுக்கு மறக்கவில்லை. தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள்.

இனி சென்னை. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறந்தபோது சென்னைவாசிகள் தொலைவைச் சொல்லித் திட்டினார்கள். தெற்கிலிருந்து வருகிற பெரம்பலூர்க்காரருக்கு அது வேறு கதை. முன்பு கோயம்பேடு போய் இறங்கிப் பிறகு ஊரைத் தேடியவர், இப்போது வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ வீடு இருந்தால் இறங்கிய இடத்திலேயே வந்து சேர்ந்துவிட்டார். அரியலூர்க்காரருக்கு வைகையும் பல்லவனும் நின்று போகின்றன. தாம்பரத்தில் இறங்கினால் மின்சார ரயில். சென்னையின் மற்றப் புறநகர்களான ஆவடி, திருவள்ளூர், ஓஎம்ஆர் எதற்கும் இந்த வசதி இல்லை. இந்த இரண்டு மாவட்டத்துப் பிள்ளைகள் தாம்பரத்துக்குத் தெற்கே குவிவதற்குச் சொந்தபந்தம் ஒரு காரணம் என்றால் ஊருக்குப் போகும் வண்டி பெரிய காரணம்.

சென்னையின் தெற்குப் புறநகரை உண்டாக்கியதே ரயில்தான். 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகே பல்லாவரமும் குரோம்பேட்டையும் குடியிருப்பாகத் திரண்டன. இங்கிருந்து சிங்கப்பூர் போய்க் கட்டட வேலையும் கப்பல் பட்டறை வேலையும் பார்த்தவர்கள் அங்கே இதையே இன்னும் ஒழுங்காகப் பார்த்திருப்பார்கள். 1960இல் உருவான வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்ககங்களில்தான் அந்த நாட்டுக் குடிகளில் பத்தில் எட்டுப் பேர் வசிக்கிறார்கள்; வீட்டோடு சேர்த்தே ரயிலும் பேருந்தும் திட்டமிட்டார்கள். நம் ஊரில் மனை முதலில், சாலை அப்புறம், பேருந்து எப்போதாவது. விற்கும்போது எல்லாம் எதிர்காலத்தில் பேசப்படும்: ‘மெட்ரோ வரும்’, ‘ரிங் ரோடு வரும்’. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ திட்டம் இருப்பது உண்மை. அது ஓடத் தொடங்கும் முன்பே அதற்கான விலையை மனையில் ஏற்றிவிட்டார்கள் என்பதும் உண்மை. ஓடுகிற வண்டிக்குப் பணம் கொடுப்பது ஒன்று, ஓடப்போகிற வண்டிக்குக் கொடுப்பது இன்னொன்று.

கூடுவாஞ்சேரி முதல் செங்கல்பட்டு வரை, தண்டவாளத்துக்கு இருபுறமும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும் பழைய அடுக்ககங்கள் இந்த மாவட்டத்துக்காரரின் வரவுக்குள் அடங்கும் நல்ல தேர்வு. பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் பக்கம் கல்லூரி மாணவர் வாடகை விலையை மேலே தள்ளி வைத்திருக்கிறது. மறைமலை நகரை 1980இல் துணைநகரமாகவே திட்டமிட்டார்கள். அகலத் தெரு, பூங்கா எல்லாம் உண்டு. ஒரே ஆலையை நம்பிய ஊருக்கு என்ன ஆகும் என்பதையும் அங்கேதான் பார்த்தோம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022இல் ஆலையில் ஓசை நின்றது. அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு ஆலையும் வீடும் ஒரே ஊரில் இருந்தது அப்போது வசதியாகத் தெரியவில்லை.

வெள்ளத்தைப் பற்றிப் பேசாமல் சென்னைப் புறநகரைப் பற்றிப் பேச முடியாது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பெயர்களைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது. அடையாற்றின் மேற்பகுதியில், ஏரிகளின் உபரிநீர் இறங்கும் வழியில் இருந்த குடியிருப்புகள் அவை. அங்கே வீடு வாங்கியவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வர்க்கத்தினர், ‘தாம்பரத்துக்குப் பக்கம், விலை குறைவு’ என்று வந்தவர்கள். ஏரிப் பாசனத்தில் வளர்ந்த அரியலூர், பெரம்பலூர்க்காரருக்குக் கலிங்கு என்றால் என்ன, உபரி எந்த வழியாகப் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொந்த ஊரில் கலிங்குக்குக் கீழே வீடு கட்ட மாட்டார். சென்னைக்கு வந்ததும் அந்த அறிவை ஊரிலேயே விட்டுவிட்டு வருவதுதான் ஆச்சரியம்.

கட்டடத்தின் தரம் தனிக் கேள்வி. 2014 ஜூன் 28இல் போரூர் அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அனுமதி இருந்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அனுமதி என்பது வரைபடம் சட்டத்துக்கு உட்பட்டது என்று சொல்லும் தாள். கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்று அது சொல்லாது. இந்த மாவட்டங்களிலிருந்து சென்னைக்குப் போய்க் கொத்து வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அடுக்ககம் வாங்குவதற்கு முன் அப்படி ஒரு சொந்தக்கார மேஸ்திரியை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுவது, பல நாள் விசாரணைக்குச் சமம்.

பத்திரச் சமாச்சாரத்துக்கு வருவோம். 2016 செப்டம்பர் 9இல் அங்கீகாரமற்ற மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பதிவு அலுவலகங்கள் வெறிச்சோடின. பிறகு 2016 அக்டோபர் 20ஐ எல்லைத் தேதியாக வைத்து, அதற்கு முன் மனையாகப் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. ஆகவே இன்றைக்கு ஒரு மனையைப் பார்த்தால் கேள்வி எளிது: நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) அல்லது சிஎம்டிஏவின் அங்கீகார எண் உண்டா, இல்லையென்றால் வரன்முறை ஆணை உண்டா? ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பழைய வார்த்தையை இன்னும் சிலர் சொல்லிப் பார்க்கிறார்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரம் இல்லை.

500 சதுர மீட்டருக்கு மேலான மனைப்பிரிவும் எட்டு வீட்டுக்கு மேலான அடுக்ககமும் தமிழ்நாடு மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் (ரெரா) பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணை இணையத்தில் தட்டினால் வரைபடம் முதல் வழக்கு வரை எல்லாம் வரும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பதும் ரெரா சட்டத்தில்தான் இருக்கிறது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீதத்தைப் பொது இடமாக விட்டு, சாலையோடு சேர்த்து உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தானப் பத்திரத்தைப் பார்க்காமல் வாங்குகிறவர், பத்து வருடம் கழித்துப் பூங்கா இடத்தில் வேறொருவர் வீடு எழும்புவதைப் பார்க்க நேரலாம்.

பதிவாகிவிட்டால் சொத்து நமதுதான் என்ற நம்பிக்கை கிராமத்தில் ஆழமானது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் 55-ஏ பதிவு விதியைச் செல்லாது என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று தெளிவாகச் சொன்னது. ஆக அந்த வேலை வாங்குகிறவர் தலையில்தான். மூலப் பத்திரம், முப்பது வருட வில்லங்கம், பட்டா, புல வரைபடம், வாரிசுச் சான்று. அக்கா தங்கைகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்பது தனியாக. ஜெயங்கொண்டம் பகுதியில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களில் பல கிராமங்களில் நிலம் எடுத்தார்கள், திட்டம் வரவில்லை, நிலத்தைத் திருப்பித் தர அரசு பின்னாளில் முடிவெடுத்தது. அப்படிப்பட்ட புல எண்ணில் பெயர் எப்போது, யார் பெயருக்கு மாறியது என்பதைத் தாலுகா அலுவலகத்திலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும்.

மாதத் தவணையில் மனை என்பதில் இந்தப் பகுதிக்காரர்களுக்கு ஏற்கெனவே தழும்பு உண்டு. நாடு முழுவதும் சுமார் 5.85 கோடிப் பேரிடம் நிலத்தின் பெயரால் 49,100 கோடி ரூபாய் திரட்டிய பிஏசிஎல் நிறுவனத்தை 2014இல் செபி நிறுத்தச் சொன்னது. கட்டியவர்களில் பலருக்குத் தங்கள் நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்றே தெரியாது. இன்றைய தவணைத் திட்டக்காரரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: கடைசித் தவணைக்கு முன்பே மனை எண் போட்ட ஒப்பந்தத்தைப் பதிந்து கொடுப்பாரா?

பதிவுச் செலவில் சின்ன ஆறுதல் இருக்கிறது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பைப் பழைய நிலைக்கு ஏற்றிய அரசு, பதிவுக் கட்டணத்தை 4லிருந்து 2 சதவீதமாக்கியது; முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தோடு சேர்த்து மொத்தம் 9. பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் ஒரு சதவீதம் குறையும். 8,40,000 ரூபாய் மனைக்கு மிச்சம் 8,400 ரூபாய். பெரிய தொகை இல்லை. மனைவி பேரிலோ மகள் பேரிலோ பதிவதற்கு ஒரு சாக்காக அது பயன்பட்டால் நல்லதுதான். கட்டுவதற்கும் வழி எளிதாகியிருக்கிறது: 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறையில் உடனே அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் வந்தது. வெறும் மனைக்கு வங்கி தயங்கும், வீட்டோடு சேர்த்தால் கொடுக்கும். 25 லட்சம் கடனுக்கு 8.5 சதவீதத்தில் இருபது வருடத் தவணை மாதம் 21,700 ரூபாய். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருந்து, வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டாவிட்டால், 2024இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 1.80 லட்சம் ரூபாய் வரை வட்டி மானியம் கேட்கலாம். சொந்த வீடு வேறெங்கும் இருக்கக் கூடாது. ஊரில் அப்பா வீடு யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி இங்கே எழும்.

இவ்வளவுக்கும் பிறகு இன்னொரு யோசனை மிச்சமிருக்கிறது. பெருநகரத்தை நோக்கி ஏன் போக வேண்டும்? பெரம்பலூர் நகரமே கல்லூரிகளாலும் மருத்துவமனைகளாலும் ஒரு சின்னத் திருச்சியாகிக் கொண்டிருக்கிறது. துறைமங்கலம், அரணாரை, எளம்பலூர் பக்கத்து மனைகளுக்கு இன்று சிறுகனூர் மனையைவிட வாடகைக்கு ஆள் எளிதாகக் கிடைக்கிறார்கள். நாரணமங்கலத்தில் எம்ஆர்எஃப் டயர் ஆலை ஓடுகிறது. எறையூர் சிப்காட் தொழிற்பூங்காவில் 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டிய காலணித் தொழிற்சாலை அடுத்த ஆண்டே உற்பத்தியைத் தொடங்கியது. வேலையில் பெரும்பங்கு பெண்கள். ஜெயங்கொண்டம் சிப்காட்டில் 1,000 கோடி ரூபாய் முதலீட்டில் 15,000 பேருக்கு வேலை தரும் என்று சொல்லப்படும் இன்னொரு காலணி ஆலைக்கு 2024 நவம்பர் 15இல் அடிக்கல் விழுந்தது.

அந்த ஆலைகளுக்கு வரும் பெண்களுக்கு உடனடியாகத் தேவை வாடகை அறையும், ஷிப்ட் முடிந்ததும் கிளம்பும் பேருந்தும். சாலையோரத்தில் முளைக்கத் தொடங்கியிருப்பதோ மனைப்பிரிவுக் கொடிகள். ‘சிப்காட்டுக்கு ஐந்து நிமிடம்’ என்று அங்கே எழுதியிருக்கும் வண்ணத் தாளைக் கையில் வாங்குகிறவர், எந்த வண்டியில் ஐந்து நிமிடம் என்று முதலில் கேட்கலாம். அங்கீகார எண், மண், தண்ணீர் எல்லாம் அதற்கு அடுத்தடுத்த கேள்விகள்.